டேலி ஆகாத கணக்கும் ஓடாத கோடும்

ஒன்பது வருஷம் அக்கவுண்ட்ஸ்ல குப்பை கொட்டிட்டு 34 வயசுல கோடிங் கத்துக்க ஆரம்பிச்சேன், இப்போ பேக்எண்ட் டெவலப்பரா (திரைக்குப் பின்னாடி ஓடற கோட எழுதற வேலை) மூணாவது வருஷம் ஓடுது. கம்ப்யூட்டர் டிகிரி கிடையாது, பூட்கேம்ப்னு சொல்ற குறுகிய கால கோடிங் பயிற்சி எதுவும் போகல. எப்படி மாறினன்னு கேக்குறவங்களுக்கு தனித்தனியா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

பெரிய லட்சியம்லாம் ஒண்ணும் இல்லைங்க, சோம்பேறித்தனம்தான் காரணம். மாசக் கடைசியானா பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா டிக் அடிக்கணும், முழுசா மூணு நாள் போயிடும், கண்ணு பூத்துடும். எக்ஸெல்ல வீலுக்அப் (ஒரு பட்டியல்ல இருக்கறத இன்னொண்ணுல தேடற ஃபார்முலா) போட்டு பாதிய ஒப்பேத்திட்டேன், ஆனா ஒரே இன்வாய்ஸுக்கு மூணு தவணையா பணம் வந்திருந்தா அது கைய விரிச்சிடும். அதுக்கு வழி தேடப் போய்தான் பைத்தான்ங்கற கோடிங் மொழில விழுந்தேன்.

முதல் ஆறு மாசம் சுத்த வேஸ்ட்னுதான் சொல்லணும். ஹார்வர்டோட சிஎஸ்50ங்கற கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுக கோர்ஸ் ஃப்ரீயா கிடைக்குதேன்னு உக்காந்தேன், ஸ்கிராட்ச்ல பொம்மைய நகர்த்தற வரைக்கும் ஜாலியா இருந்துச்சு, அடுத்து சி மொழி வந்துச்சு, அதுல மெமரி முகவரிய வச்சுக்கற பாயின்டர் வந்ததும் சத்தமில்லாம எழுந்து வந்துட்டேன். (கோர்ஸ் மேல தப்பில்ல, போன வருஷம் திரும்பப் போய் முடிச்சேன், ரொம்ப நல்ல கோர்ஸ்.) அப்புறம் வீடியோ மாத்தி வீடியோ. வீடியோல வர்றவர் டைப் பண்றத பாத்து நானும் டைப் பண்ணுவேன், ஓடும், ஆஹா நமக்கு வந்துடுச்சுன்னு நினைப்பேன், வீடியோவ மூடிட்டு காலி ஃபைல திறந்தா முதல் வரி என்ன எழுதறதுன்னு தெரியாது. இதே கூத்து மாசக்கணக்கா.

ஒருநாள் வெறுத்துப்போய் எல்லா கோர்ஸையும் மூடிட்டு, ஆபீஸ்ல எனக்கு வேண்டிய அந்த ஒரே ஒரு விஷயத்த மட்டும் எழுதிப் பாப்போம்னு ஆரம்பிச்சேன், ரெண்டு சிஎஸ்வி ஃபைலப் (கமாவால பிரிச்ச டேபிள்) படி, தொகை ஒத்துப்போறத எடு, அவ்வளவுதான். முதல் நாளே எரர், ஸ்ட்ரிங்க (எழுத்தா இருக்கறத) ஃப்ளோட்டா (தசம எண்ணா) மாத்த முடியலன்னு. என்னடான்னு பாத்தா பேங்க் ஃபைல்ல 1,250.00 னு கமா போட்டு வந்திருக்கு. கமாவ எடுத்தேன், அடுத்த எரர் வந்துச்சு, கடைசி வரில 'மொத்தம்'னு எழுதியிருக்கு. இப்படியே ரெண்டு வாரம். ஆனா அந்த ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டது அந்த ஆறு மாசத்துல கத்துக்கல.

அப்புறம்தான் பெரிய தலைவலி. எல்லாம் ஓடுது, எரரே இல்ல, ஆனா தவணையா வந்த பணத்துல சிலது மட்டும் மேட்ச் ஆகவே இல்ல. கால்குலேட்டர்ல கூட்டினா சரியா வருது, கோட் மட்டும் இல்லங்குது. ஒவ்வொரு தொகையா பிரிண்ட் போட்டுப் பாத்துட்டே வந்தேன், ஒரு இடத்துல வால் மாதிரி நீளமா ஒரு நம்பர் நிக்குது. நீங்களே பைத்தான்ல 0.1 + 0.2 போட்டுப் பாருங்க, 0.30000000000000004 னு வரும். கம்ப்யூட்டர் பைனரிலதான் எண்ண வச்சுக்குது, நம்ம 0.1 பைனரில முடிவில்லாம போற எண், அதனால ஒரு இடத்துல வெட்டி வச்சுக்குது, அந்த வெட்டு கூட்டும்போது எட்டிப் பாக்குது. பைத்தான்ல தசமத்த அப்படியே வச்சுக்க டெசிமல்னு ஒரு மாட்யூல் இருக்கு, அத போட்டேன், அதுலயும் எண்ண ஸ்ட்ரிங்காதான் குடுக்கணும், ஃப்ளோட்டா குடுத்தா பழைய அழுக்கோடவே உள்ள போகும். ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாம் மேட்ச் ஆச்சு பாருங்க, வருஷக் கணக்கு டேலி ஆனப்ப கூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்ல.

அப்பதான் ஒண்ணு உறைச்சுது, இத கண்டுபிடிக்க நான் புதுசா எதுவும் பண்ணல. கணக்கு இடிக்கும்போது என்ன பண்ணுவோம்? வித்தியாசம் 9-ஆல வகுபட்டா எங்கயாவது 54-ஐ 45-னு போட்டிருப்போமோன்னு தேடுவோம், அதுவும் இல்லன்னா லெட்ஜர பாதியா பிரிச்சு எந்தப் பாதில இடிக்குதுன்னு பாப்போம், அந்தப் பாதிய மறுபடி பாதி. பின்னாடி வேலைல சேந்தப்புறம் கிட்ல (கோட்ல பண்ற மாத்தத்த எல்லாம் சேமிச்சு வைக்கற டூல்) பைசெக்ட்னு ஒரு கமாண்ட் காட்டினாங்க, எந்த கமிட்ல (சேமிச்ச மாத்தத்துல) பக் நுழைஞ்சுதுன்னு பாதி பாதியா வெட்டித் தேடும், ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து தடவைல பிடிச்சிடும். அட, இது நம்ம சமாச்சாரம் ஆச்சேன்னு சிரிப்பு வந்துடுச்சு.

வேலை தேடின கதை சுருக்கமா. எட்டு மாசம், அறுபது அப்ளிகேஷனுக்கு மேல, பாதிக்கு பதிலே வரல. ஒரு இன்டர்வியூல லிங்க்டு லிஸ்ட்ட (ஒண்ணு அடுத்தத காட்டற மாதிரி கோத்த பட்டியல) தலைகீழா திருப்பச் சொன்னாங்க, வேர்த்துக் கொட்டுச்சே தவிர கோட் வரல. கடைசில ஒரு சின்ன கம்பெனில வீட்டுக்கே அசைன்மென்ட் குடுத்தாங்க, பேமென்ட் ஃபைல் ஒண்ணப் படிச்சு ரிப்போர்ட் தரணும். நான் பழக்க தோஷத்துல உள்ள வந்த வரி எத்தனை, மொத்தம் எவ்வளவு, வெளிய போனது எவ்வளவுன்னு கடைசில ஒரு செக் போட்டிருந்தேன், இடிச்சா ரிப்போர்ட்டே தராம நின்னுடும். வேற யாருமே இத போடலன்னு அவங்க சொன்னப்ப எனக்குதான் ஆச்சரியம், கன்ட்ரோல் டோட்டல் இல்லாம எப்படிங்க ராத்திரி தூக்கம் வரும்? சம்பளம் பழைய வேலைய விட கம்மி, என் லீடுக்கு என்னைவிட ஏழு வயசு கம்மி. முதல் புல் ரெக்வெஸ்ட்டுக்கு (நம்ம கோட சேத்துக்கச் சொல்லி மத்தவங்க பாக்க அனுப்பறது) 23 கமென்ட். ரெண்டு நாள் மூஞ்சி தொங்கிப்போச்சு, அப்புறம் ஆடிட் கொஸ்டின்னு நினைச்சு ஒவ்வொண்ணா பதில் சொல்ல ஆரம்பிச்சேன்.

போன மாசம் பழைய ஆபீஸ்ல இருந்து போன். பேங்க் கணக்க மேட்ச் பண்ற என் ஸ்கிரிப்ட் திடீர்னு நின்னுடுச்சாம். பேங்க்காரங்க தேதி ஃபார்மேட்ட மாத்தி மாசத்த முன்னாடி போட்டிருக்காங்க, 12-ஆம் தேதி வரைக்கும் நாளும் மாசமும் இடம் மாறி சத்தமில்லாம ஓடியிருக்கு, 13 வந்ததும் 13-வது மாசம் ஏதுன்னு படுத்துடுச்சு. நின்னது பிரச்சனை இல்ல, அந்த பன்னெண்டு நாளையும் முதல்ல இருந்து சரிபாருங்கன்னு சொல்லிட்டு கோட திறந்தேன். உள்ள ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_புதுசுன்னு மூணு வேரியபிள், எதுக்குன்னு ஒரு வரி கமென்ட் கூட இல்ல. எழுதினவன் கைல கிடைச்சா நாலு சாத்து சாத்தலாம்போல இருந்துச்சு.