மிஸ்டர் மெமரியை மையில் வரைந்து பார்த்தேன்

'டிக் ட்ரேசி' என்பது ஒரு துப்பறிவாளனைப் பற்றிய அமெரிக்க நாளிதழ்ச் சித்திரக்கதை. அதை வைத்து 1967இல் எடுத்து, எந்தச் சேனலும் வாங்காமல் போன டிவி பைலட்டிலிருந்து (தொடருக்கு முன் எடுக்கும் மாதிரி எபிசோட்) ஒரு காட்சியை எடுத்து, அதைத் திரும்பவும் நாளிதழ்ச் சித்திரப் பட்டையாக வரைந்துகொண்டிருக்கிறேன். படத்துக்கு வந்தபோது எது தொலைந்தது என்று கையால் வரைந்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

எடுத்தவர் வில்லியம் டோஸியர். 1966 ஜனவரியில் 'பேட்மேன்' தொடரைக் கொண்டுவந்து அமெரிக்காவையே கலக்கியவர். ட்ரேசியாக ரே மெக்டானல். வில்லன் மிஸ்டர் மெமரியாக விக்டர் பூனோ. பேட்மேனில் கிங் டட்டாக வந்தாரே, அவரேதான். நேட்டோ தூதர்களைக் கடத்துகிற கதை.

முதல் ஞாயிறு பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒரு நிமிடக் காட்சிக்கு ஒன்பது கட்டங்கள் ஆகிவிட்டன. பட்டையில் நாலுதான் கொள்ளும். பூனோ பேசுவதைப் பாதியாக வெட்டியும் கட்டத்தை வசன பலூனே அடைத்துக்கொண்டது. கடைசியில் இரண்டே வரி வைத்தேன், சரியாக வந்தது.

மை போட்டபோதுதான் வம்பு. இந்தப் பட்டையை 1931 அக்டோபரில் தொடங்கியவர் செஸ்டர் கூல்ட். அவர் படங்களில் கறுப்புதான் பாதி வேலை செய்யும்: கோட், சுவர், தெரு எல்லாம் தட்டையான கறுப்புத் திட்டுகள். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்த பைலட்டோ வண்ணப் படம், மூலைமுடுக்கெல்லாம் ஸ்டுடியோ விளக்கு. எங்கே கறுப்பு நிரப்புவது? பிரஷ்ஷைத் தோய்த்துக் கையில் பிடித்தபடியே யோசித்ததில், ட்ரேசியின் தொப்பி மேல் ஒரு சொட்டு விழுந்தது. அந்தத் தாள் போச்சு.

இரண்டாம் தாளில் படத்தின் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல், பின்சுவர் முழுக்க இண்டியன் இங்க் அடித்தேன். உடனே கூல்ட் வாசனை வந்துவிட்டது. ட்ரேசியின் கைக்கடிகார ரேடியோவுக்கு அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதினேன். 1946இல் பட்டையில் வந்த கருவி அது. வாசகனுக்குத் தெரிந்த பொருளுக்கும் பெயர்ப்பலகை மாட்டுவது கூல்டின் பழக்கம், எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் வில்லன் மட்டும் உட்காரவே இல்லை. மிஸ்டர் மெமரி படத்துக்காகப் புதிதாக உண்டாக்கப்பட்ட ஆள். கூல்டின் வில்லன்களை நிழலிலேயே பெயர் சொல்லி அழைக்கலாம். ஃப்ளாட்டாப்பின் உச்சந்தலை பலகை மாதிரி தட்டை. ப்ரூன்ஃபேஸ் முகமெல்லாம் சுருக்கம். பூனோ நல்ல நடிகர்தான், அவரது வேலையெல்லாம் குரலிலும் கண்ணிலும் இருக்கிறது. மையில் குரல் வராதே! சோதனைக்கு இரண்டு நிழலுருவங்களை வரைந்து அக்கா மகளிடம் காட்டினேன். மெமரியைப் பார்த்து, "யாரோ குண்டு அங்கிள்" என்றாள். ஃப்ளாட்டாப்பைப் பார்த்து, "மாமா, இவன் தலைல டம்ளர் வைக்கலாம்!"

பைலட் விலைபோகாததற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். டோஸியரின் இன்னொரு முகமூடி நாயகர் தொடரான 'க்ரீன் ஹார்னெட்' அந்த 1967 மார்ச்சிலேயே 26 எபிசோடோடு முடிந்துவிட்டது. முகமூடி நாயகர் மோகமும் வடியத் தொடங்கியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சமயம் பத்திரிகைப் பட்டையில் ட்ரேசியின் வளர்ப்பு மகன் ஜூனியர் நிலாவிலிருந்து வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தையும் பெற்றிருந்தான். பைலட்டிலோ இன்னும் பள்ளிப் பையன்.

மூன்றாம் தாள் பலகையில் தயார். இந்த முறை மெமரியின் நெற்றியை மட்டும் இரண்டு மடங்கு உயரமாக்கியிருக்கிறேன். பென்சில் நன்றாகத்தான் இருக்கிறது. மை போட ஞாயிறு வரட்டும்.