பாதி வாக்கியம்

ஐந்து நிமிடம்கூட இராத பேச்சு அது. மூதூர் லோஞ்ச் புறப்படும் துறைப் பக்கம் போனால் இன்னும் அதை மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்க்கிறேன்.

2006 யூலைத் தொடக்கம். அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்தத்தைப் பார்க்க வந்த வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழுவில் நான் மொழிபெயர்ப்பாளர். ஏப்ரலில் விழுந்த ஷெல்லில் மாட்டுக்கொட்டில் போனதை எங்களிடம் முறையிட மூதூர்ப் பக்கத்துச் சம்பூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். முறைப்பாட்டுப் பிரதியை நாலாக மடித்துச் சொப்பிங் பையில் வைத்தபடி கேட்டார்: “தம்பி, இவையள் போகினமாம், மெய்யே?”

மெய்தான். மே 29 அன்று ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்திருந்தது. கண்காணிப்பாளர்களை அனுப்பிய ஐந்து நாடுகளில் சுவீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் ஒன்றியத்துக்குள். தடை போட்டவரே நடுவராகவும் நிற்பதா என்று கேட்டு, அந்த மூன்று நாட்டாரையும் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். கெடு பிறகு செப்டெம்பர் 1 வரை நீண்டது.

எங்கள் அதிகாரியும் அந்த மூன்றில் ஒரு நாட்டுக்காரர். நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: குழு இருக்கும், நான் இருப்பேனா தெரியாது, பாதிக்கு மேற்பட்டோர் போகவேண்டி வரலாம். இருந்தாலும் எங்களால் எழுதத்தான் முடியும், எதையும் நிறுத்த முடியாது.

நான் சொன்னது: “குழு இருக்கும் ஐயா.”

பொய்யில்லை. நோர்வேயும் ஐஸ்லாந்தும் 2008 சனவரியில் அரசு போர்நிறுத்த உடன்படிக்கையைக் கைவிடும்வரை இருந்தன. லோஞ்சுக்கும் நேரமாகிவிட்டிருந்தது. ஆனால் எங்கள் சனத்துக்குக் கண்காணிப்பு என்றால் காவல். ‘கங்காணிமார்’ என்று பகிடி பண்ணினாலும், வெள்ளை வாகனம் நிற்கிற இடத்தில் ஷெல் விழாது என்று நம்பினார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மூன்று சொல்லோடு நிறுத்தினேன்.

“அப்ப ஊரிலயே இருப்பம்” என்று எழுந்தார்.

அப்புறம் மாவிலாறு அணைக்கதவு பூட்டப்பட்டது, அதை வைத்தே சண்டை மூண்டது. ஓகஸ்டில் மூதூரில் சண்டை. 6ஆம் திகதி குழுத் தலைவரே மாவிலாற்றுக்குப் போனபோது அந்தப் பக்கமே ஷெல் விழுந்தது. செப்டெம்பர் 4 அன்று சம்பூர் இராணுவத்திடம் போனது. பெரியவரை நான் பிறகு காணவில்லை.

நான் முழுதும் சொல்லியிருந்தாலும் மாடுகளை விட்டு அவர் எங்கே போயிருப்பார்? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்துகிறேன். சில நாள் அது சரியாகவும் படுகிறது.

அவர் படலை தாண்டியதும் அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் அவ்வளவு நீளமாகப் பேசினேன், நீ இவ்வளவு சுருக்கமாக முடித்துவிட்டாயே, எல்லாம் சொன்னாயா என்று கேட்டார்.

ஓம் என்றேன். தமிழில் அப்படித்தான், சுருங்கிவிடும் என்றும் சொன்னேன்.