எங்க மாட்டுக்கு சிசேரியன் பண்ண கதை

போன ஐப்பசில நடந்தது. ஜெர்சி கிராஸ், ரெண்டாவது ஈத்து, சினை ஊசி போட்டு 280 நாள் தாண்டிடுச்சு, மடி இறங்கி காம்பெல்லாம் விண்ணுனு இருந்துச்சு. காலையில இருந்து படுக்கறா, எந்திரிக்கறா, பின்னங்கால்ல வயித்த உதைக்கறா, ஆனா முக்கவே இல்ல, தண்ணிக்குடமும் வரல. நேரம் இருக்குனு சாயங்காலம் வரைக்கும் விட்டுட்டோம். அங்கதாங்க தப்பு பண்ணோம்.

டாக்டர் கைய விட்டுப் பாத்ததுமே "கர்ப்பப்பை வலது பக்கமா முறுக்கிக்கிச்சு"ன்னார். ஈரத்துணிய பிழிஞ்சா எப்படி மடிப்பு விழும், உள்ள அப்படித்தான் கைக்குத் தட்டுப்படுமாம், கன்னு வர்ற வழியே அடைஞ்சுபோகும், அதான் முக்கல. முதல்ல உருட்டிப் பாத்தோம். வலது பக்கம் படுக்க வச்சு, முன்னங்கால் ரெண்டும் பின்னங்கால் ரெண்டும் தனித்தனியா கட்டி, வயித்து மேல நீளப் பலகைய சாத்தி ஒருத்தர் ஏறி நிக்க, மத்தவங்க அதே வலது பக்கமா சட்டுனு உருட்டணும், பலகை கன்னை அமுக்கிப் பிடிச்சுக்கும், மாடு மட்டும் சுத்தும். மூணு தடவை உருட்டியும் அவிழல.

விடியக்காலைல குட்டியானைல ஏத்தி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். இடது பக்க வயித்துல முடிய வழிச்சு, மரத்துப்போற ஊசிய வரிசையா போட்டாங்க. முழு மயக்கம் கிடையாது, தலைய நான்தான் மடில வச்சுப் பிடிச்சிருந்தேன், கண்ண முழிச்சு என்னையவே பாத்துட்டு இருந்தா, காது மட்டும் ஜில்லுனு கிடந்துச்சு. ஒரு அடிக்கு மேல கீறி கர்ப்பப்பைய வெளிய கொண்டு வந்தப்ப நாவப்பழம் மாதிரி கறுத்துக் கிடந்துச்சு, ரத்த ஓட்டம் நின்னா அப்படி ஆயிடுமாம். கெடேரிக் கன்னு. உயிர் இல்ல. ரத்த ஓட்டம் நிக்கறதுக்குள்ள, அதாவது முன்னாடி நாள் மத்தியானமே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு நினைக்கறப்ப இன்னும் நெஞ்சு அடைக்குது.

கர்ப்பப்பைக்கு ஒரு தையல், சதைக்கு, தோலுக்குன்னு தனித்தனியா தச்சாங்க. சலைன் பாட்டில் பாட்டிலா ஏறுச்சு. வீட்டுக்கு வந்து 5 நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி, புண்ணுல ஈ உக்காராம ஸ்ப்ரே, கீழ காஞ்ச வைக்கோல் மட்டும். ரெண்டு நாள் தீவனத்தைத் தொடல. மூணாம் நாள் தவிட்டுத் தண்ணிய மூக்கு முங்க உறிஞ்சினா பாருங்க, எங்கம்மா அழுதே போட்டாங்க. 12ஆம் நாள் தையல் பிரிச்சாச்சு, இப்ப பாலும் கறக்கறா.

உங்க மாடு நாள் தாண்டி தவிச்சுட்டு, முக்காம இருந்தா காத்திருக்காதீங்க, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க, இல்ல கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு அடிங்க.