பல்லுக்கு எதற்கு அந்தக் கேள்வி

எக்ஸ்ரே ரூமில் நிற்கிறேன். மொத்தத் தாடையையும் ஒரே படமாக எடுப்பார்களே, அந்த ஓபிஜி மெஷின். மோவாயைத் தாங்கியில் வைத்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடித்துக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்துப் பலகையில் மூன்று பொம்மைப் படங்கள்: ஆண், பெண், குழந்தை. டெக்னீஷியன் தம்பியின் விரல் முதல் இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. என்னைப் பார்க்கிறார், கையிலிருக்கும் சீட்டைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார். என் வாயில் குச்சி. நான் என்ன சொல்ல முடியும்?

கடைசியில் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "சார், இவங்களுக்கு எதை அமுக்கறது?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பொம்மைகள் எதற்கு என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஆள் பெரிதாக இருந்தால் கதிர் கொஞ்சம் கூட, சின்னதாக இருந்தால் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சட்டை சைஸ் மாதிரி. என் முகத்தையும் தாடையையும் ஒரு தடவை பார்த்தாலே எதை அமுக்குவது என்று முடிவு செய்துவிடலாம். நான் பிறந்தபோது என்ன எழுதினார்கள் என்பது அந்த மெஷினுக்கு வேண்டவே வேண்டாம்.

நான் திருநங்கை. கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல் ரொம்ப நாளாகவே சொத்தை. ஏன் அப்போதே போகவில்லை என்று கேட்பீர்கள். பல்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, எனாமலில் நரம்பே கிடையாது, அதனால் சொத்தை மேலேயே இருக்கும் வரைக்கும் ஒன்றும் தெரியாது, உள்ளே இறங்கி நரம்பைத் தொட்ட பிறகுதான் ராத்திரி தூங்கவிடாமல் கத்தும். டாக்டரிடம் போகப் பயப்படுகிறவர்களுக்கு இது தோதாகப் போய்விடுகிறது. வலிக்கவில்லையே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இப்படித் தள்ளித் தள்ளியே ஒரு ஃபில்லிங்கில் முடிய வேண்டியது பிடுங்குவதில் போய் நின்றது. நான் பயந்தது ஊசிக்கு இல்லை, ரிசப்ஷனுக்கு. ஃபைலில் என் பழைய பெயர் இருக்கிறது, அதை மைக்கில் கூப்பிடுவார்கள், நான் எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கும் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை 'சார்' சேர்த்து. நான் எழுந்ததும் அந்த அறை திரும்பிப் பார்த்ததை இதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, உள்ளே போனேன். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தவுடனேயே பாதிப் பேச்சுரிமை போய்விடுகிறது. மேலே விளக்கு, வாயில் கண்ணாடியும் உறிஞ்சும் குழாயும். அந்த நிலையில்தான் கேள்வி வருகிறது. "ஆபரேஷன் எல்லாம் ஆயிடுச்சா?" நான் "ஆங்" என்றேன், கேள்வி புரியவில்லை என்ற அர்த்தத்தில். அவர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு, "கீழேயுமா?" என்றார். இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் இடுப்பளவுத் தடுப்பு மட்டும்தான். பக்கத்து நாற்காலியில் ஸ்கேலிங் செய்துகொண்டிருந்தவரின் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஞானப்பல்லைப் பிடுங்க அந்தத் தகவல் எந்த விதத்தில் உதவும் என்று இன்று வரை யோசிக்கிறேன். மனிதப் பல்லில் ஆண்-பெண் விஷயம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எனாமலை உருவாக்கும் அமெலோஜெனின் என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமிலும் இருக்கிறது, ஒய் குரோமோசோமிலும் இருக்கிறது, இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. அதை வைத்து, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் புதைத்த எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்று தொல்லியல்காரர்கள் கண்டுபிடிக்கிறார்கள். நான் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

ஃபாரத்தில் அந்த இடம் இருந்தது. நான் வெறுமையாக விட்டிருந்தேன், அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஃபாரத்தை எங்கே வைத்து நிரப்பினேன் தெரியுமா? ரிசப்ஷன் மேஜையில், பின்னால் இரண்டு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க. ஹார்மோன் மாத்திரை என்று எழுத கை வரவில்லை. அதே ஃபாரத்தில் மனநோய் என்று ஒரு கட்டம் உண்டு, உள்ளே போன பிறகு அதில் டாக்டரே டிக் அடித்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் எங்களைப் போல் திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்து பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு மாற்ற 2019இல் ஒப்புதல் ஆகி, 2022 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கும் வந்துவிட்டது. பேனாவுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

பல்லைப் பிடுங்கினார். கை நல்ல கைதான், பொய் சொல்லக்கூடாது. மரத்துப்போக ஊசி போட்டது தெரியவே இல்லை, இருபது நிமிஷத்தில் பல் தட்டில் கிடந்தது. முடிந்ததும் நாற்காலியைச் சட்டென்று நிமிர்த்தி "போலாம்" என்றார். எழுந்தேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது தரையின் டைல்ஸ். உதவியாளர் அக்கா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார், இரண்டு ஜோடி கையுறை போட்டிருந்த கையால். அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு ஒரு ஜோடிதான் போட்டிருந்தார், நான் பார்த்தேன்.

இந்த இரட்டைக் கையுறை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாருடைய ரத்தத்திலும் எச்சிலிலும் தொற்று இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி பாதுகாப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் விதி. ரத்தத்தைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987லேயே சொல்லியாயிற்று, 1996இல் அதை இன்னும் விரிவாக்கியும் விட்டது. ஆளைப் பார்த்துக் கையுறையைக் கூட்டுகிறவர், மற்றவர்களுக்குக் குறைத்துப் போடுகிறார் என்றுதானே அர்த்தம்? அந்தப் பெரியவருக்குத் தெரிந்தால் அவர்தான் கோபப்பட வேண்டும்.

மூன்றாம் நாள் ராத்திரி வேறு விதமான வலி. பிடுங்கிய இடத்திலிருந்து காது வரை இழுத்தது, வாயில் ஒரு கெட்ட வாடை. பழைய இடத்துக்குப் போக மனசே வரவில்லை. தோழி ஒருத்தி சொன்ன இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைச் சாய்க்காமல், நேருக்கு நேராக உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "உங்களை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" இரண்டாவது, "தினமும் சாப்பிடற மாத்திரை ஏதாவது இருக்கா? ஹார்மோன், பிபி, ரத்தம் உறையாம இருக்கறதுக்கு, எதுவானாலும் சொல்லுங்க, ஊசிக்கும் வலி மாத்திரைக்கும் எனக்குத் தெரியணும்." எதற்குக் கேட்கிறேன் என்பதைக் கேள்வியோடு சேர்த்தே சொல்லிவிட்டார். பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரு வார்த்தைகூட தயங்கவில்லை நான், எனக்கே ஆச்சரியம்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், ஸ்பைரோனோலாக்டோனும். இரண்டாவதைப் பார்த்ததும் "அன்னைக்கு எழுந்திருக்கும்போது தலை சுத்தலையா?" என்றார். விழுந்ததை நான் அதுவரை சொல்லவே இல்லை! ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் தருகிற மாத்திரை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தடுப்பதால் எங்களில் பலர் சாப்பிடுகிறோம். படுத்தபடி இருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கும். நாற்காலியை மெதுவாக நிமிர்த்தி இரண்டு நிமிஷம் உட்கார வைத்திருந்தால் போதுமாம். அதோடு, முதல் இடத்தில் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை ஐபுபுரூஃபன். ஸ்பைரோனோலாக்டோனோடு சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகத்துக்கும் சுமை. இரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு பாராசிட்டமாலுக்கு மாற்றினார்.

வலிக்குக் காரணம் டிரை சாக்கெட். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடி போல நின்று காயத்தைக் காக்க வேண்டும். அந்த உறைவு கரைந்தால் எலும்பு வெளியே தெரியும், அதுதான் அந்த வலி. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள், அதில் இருப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான். "உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், கீழ் ஞானப்பல்லுன்னா யாருக்கும் வரலாம், ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா மூணாம் நாள் ஒரு போன் பண்ணிக் கேட்டிருப்போம்" என்றார். குழியைக் கழுவி மருந்து வைத்தார். பத்து நிமிஷத்தில் வலி பாதியாகக் குறைந்தது.

அப்புறம் "தாடையில எப்பவாவது சர்ஜரி பண்ணியிருக்கீங்களா?" என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, அவரும் அங்கேதான் வருகிறாரோ என்று. இல்லை. முகத்தை மாற்றத் தாடை எலும்பைச் செதுக்கிக்கொண்டவர்களுக்கு உள்ளே பிளேட்டும் ஸ்குரூவும் இருக்கலாம், மோவாய்ப் பக்கம் நரம்பு மரத்திருக்கலாம், விபத்தில் தாடை உடைந்தவர்களுக்கும் இதே கேள்விதானாம். கீழ்த்தாடைக்காரரிடம் கீழ்த்தாடையைப் பற்றிக் கேட்கிறார். எனக்கு என்ன ஆட்சேபம்?

என் நண்பன் ஒருவன், திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்ட ஆண், தாடியும் மீசையுமாக இருப்பான். எக்ஸ்ரேவுக்கு முன்னால் அவனிடம் "கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டு ரூமில் இருந்த மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். கேட்பதே தப்பு என்று அவன் சொல்லவில்லை, சிரித்ததுதான் தப்பு என்கிறான். ஒரு அட்டையில் அச்சடித்து எல்லாருக்கும் நீட்டினால் தீர்ந்தது. பல் எக்ஸ்ரேவின் கதிர் அளவு ரொம்பக் குறைவு என்பதால், ஈய அங்கியே தேவையில்லை, கர்ப்பிணிகளுக்குக்கூட வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் பல் டாக்டர் பக்கமே போகவில்லை. ஈறில் ரத்தம் வருகிறது என்று என்னிடம்தான் சொல்கிறான், நான் என்ன டாக்டரா?

புது டாக்டரின் இடமும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. பில்லில் இன்ஷூரன்ஸுக்காக அடையாள அட்டையில் உள்ள பழைய பெயர்தான் வரும், அது எனக்கும் புரிகிறது. 'அழைக்கும் பெயர்' என்று தனி இடம் சாஃப்ட்வேரில் இல்லையாம், அதனால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் என் பெயரை எழுதி ஃபைல் மேலே ஒட்டினார்கள். ஸ்டிக்கரில் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது என்று நான் சொன்னபோது ரிசப்ஷன் பெண் "வேற என்ன எழுதப்போறேன்?" என்றாள். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பல் செட் செய்யும் லேபுக்கு என் பெயர் எதற்கு, நம்பர் போதாதா என்றும் கேட்டு வைத்தேன். போதுமாம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்.

மேலே இடது பக்கம் இன்னொரு சொத்தை ஆரம்பித்திருக்கிறது, இது ஃபில்லிங்கோடு போய்விடும், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஓபிஜியை மறுபடி எடுக்க வேண்டாம் என்று பழைய இடத்திலிருந்து வாங்கினார்கள், கூடவே என் பழைய விவரம் அத்தனையும் வந்து சேர்ந்திருக்கிறது, அம்மா வீட்டு நம்பர் உட்பட. அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, அங்கே போனை எடுப்பது அவர்தான். முந்தின நாள் ரிமைண்டர் போன் வருமாம். நாளைக்குக் காலையில் கதவு திறக்கும்போதே முதல் ஆளாகப் போய் நின்று அந்த நம்பரை அழித்துவிடச் சொல்ல வேண்டும்.