பிடிமண் கொடுத்த பிறகுதான் பெயிண்ட்

அரசுப் பள்ளிச் சுவர், மேல்நிலைத் தொட்டி, ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றில் அந்தந்த ஊரின் பாரம்பரியத்தை வரைவது எங்கள் குழுவின் வேலை. நான் ஓவியன் இல்லை. எதை வரையலாம் என்று ஊராரோடு உட்கார்ந்து பேசுவது என் பங்கு. புதுக்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போன பிறகுதான், இதே வேலையை அந்த ஊர்கள் எங்களைவிட நன்றாகப் பல தலைமுறையாகச் செய்து வருவது புரிந்தது.

புரவி எடுப்பைத்தான் சொல்கிறேன். அய்யனாருக்கு மண்குதிரை செய்து, ஊர்கூடிச் சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும் திருவிழா. ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பதில் அது தொடங்குகிறது. பிடிமண் கொடுத்துவிட்டால் ஊர் வாக்குக் கொடுத்த மாதிரி. செலவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று. வேளார் மண்பாண்டம் செய்பவர்; பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவரே. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, கால்களைக் குழாய்போல் உள்ளே வெற்றிடம் விட்டு எழுப்பி, மெல்லக் காயவிட்டு, அதன்மேல் வயிறு, கழுத்து, தலை என்று ஏற்றுவார். அவசரப்பட்டால் அடிப்பாகம் பாரம் தாங்காது. காய்ந்ததும் வைக்கோல், வறட்டி, விறகு வைத்துச் சுடுவார்கள்.

பழைய குதிரையை யாரும் பழுதுபார்ப்பதில்லை. காது உடைந்து, கால் சரிந்து மண்ணோடு மண்ணாகப் போகும். அடுத்த எடுப்பில் பக்கத்தில் புதிது வந்து நிற்கும். ஆக, செய்த பொருள் அழியலாம், அதைச் செய்யவைக்கும் ஊர்க்கூட்டம் அழியக்கூடாது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசி மகத்தன்று, 30 அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலைக்கு மக்கள் காகிதப்பூ மாலைகளைச் சாத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

எங்கள் சுவர்களுக்கு வருகிறேன். நிதி தருபவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் கோபுரம், காளை, குடம் சுமக்கும் பெண். ஓர் ஊரில் அய்யனார் குதிரை வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு அப்பத்தா எழுந்து, "சாமியச் சுவத்துல எழுதாதீங்க தம்பி, பிள்ளைங்க செருப்போட போற எடம்" என்றார். மறுபேச்சே இல்லை. வேறென்ன வரையலாம் என்று கேட்டதும் கண்மாயைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தண்ணீர் திறக்கும் மடை, உபரிநீர் வழியும் கலிங்கு, தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சியவர்கள், கோடையில் மீன்பிடித்த நாள்.

ஆனால் ஊர்க்கூட்டம் என்றாலே எல்லோரும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. புரவி எடுப்பிலும் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை பல ஊர்களில் உண்டு. காலனியிலிருந்து வந்திருந்த சிலர் ஓரமாகவே நின்றார்கள். அதனால் அவர்கள் தெருவில் தனியாக ஒரு கூட்டம் போட்டோம். எங்கள் ஓவியர் பறையிசையை வரைய ஆசைப்பட்டார். அங்கிருந்த ஒருவர், "பறை எங்க கலைதான், இல்லேங்கல. அத மட்டும் போட்டு எங்கள அங்கேயே நிறுத்திடாதீங்க. கண்மாய்க் கரைக்கு மண் சுமந்தது யாரு, அதப் போடுங்க" என்றார். அவர் சொன்னபடி, கரைக்கு மண் சுமந்தவர்கள்தான் பள்ளிச் சுவரின் நடுவில் பெரிதாக வந்தார்கள். அதற்கு முணுமுணுப்பு எழாமல் இல்லை. என் பணியில் நான் பெருமைப்படும் சுவர் அதுதான்.

பெயிண்ட் வேலையில் சொல்ல அதிகமில்லை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான எமல்ஷனில் வரைகிறோம். தரையை ஒட்டிய இடத்தில் உப்புப் பூத்து வண்ணம் உரிவதைத் தடுக்க முடிவதில்லை. அதனால் முகங்களைக் கீழே வைப்பதில்லை.

எனக்குப் பெரிய கவலை வேளார் வீடுகளைப் பற்றி. பல கோயில்களில் சிமெண்ட் குதிரை வந்துவிட்டது. நீர்நிலைகளில் இருந்து கட்டணமில்லாமல் மண் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது நல்ல காரியம். ஆனால் மண் கிடைத்தால் மட்டும் போதாது, செய்யச் சொல்லி ஊர் கேட்க வேண்டும், கூலி கட்டுபடியாக வேண்டும். அதனால் இப்போது திட்ட மதிப்பீடு எழுதும்போது, அந்தப் பக்கத்து வேளாருக்கு ஒரு வேலையையும் சேர்த்தே எழுதுகிறேன்: பள்ளி வாசலுக்கு மண் யானையோ காளையோ, பிள்ளைகள் கூட நின்று மண் மிதிக்கிற மாதிரி. சில நிதியாளர்கள் அந்த வரியை அடித்துவிடுகிறார்கள். அடுத்த மதிப்பீட்டிலும் எழுதுகிறேன்.