வெள்ளிக்கிழமையைக் காணோம்

எங்கள் அப்பத்தாவிடம் தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் எடுபடாது. காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினால் மெட்ராஸுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம். உலகத்து ஊரெல்லாம் அதற்கு எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் அண்ணன் வேலை விஷயமாகச் சிலி நாட்டுச் சாண்டியாகோவுக்குப் போகிறார், நேர் விமானம், சுமார் 9,700 கிலோமீட்டர், 11 மணி நேரம் என்றேன். "பல்லவன் ஒண்ணரை" என்று முடித்துவிட்டார். நடுவில் பசிபிக் கடல் தவிர வேறெதுவும் கிடையாது என்றதற்கும் அசரவில்லை. ரங்கூனுக்குக் கப்பலேறிய வீடு இது.

வம்பு கடிகாரத்தில் வந்தது. சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பிய அண்ணன், அதே தேதி மத்தியானம் 1 மணிக்கு இறங்கிவிட்டதாகப் போன் செய்தார்.

"கெளம்புறதுக்கு முந்தியே எப்படிடா போய்ச் சேந்தான்?"

சாண்டியாகோ கடிகாரம் ஆக்லாந்துக்கு 16 மணி நேரம் பின்னால், நடுக்கடலில் தேதிக்கோடு என்றேன். "ரங்கூன் கடிகாரம் நமக்கு ஒரு மணி முந்தி, அதோட சரி. இது என்ன அநியாயம்?"

அதோடு விட்டிருப்பார். ஆனால் அண்ணன் திரும்பும் டிக்கெட், வியாழன் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பிச் சனிக்கிழமை விடியற்காலை 5 மணி வாக்கில் இறங்குவது. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றை எதிர்த்து வருவதால் 13 மணி நேரம் ஆகும். அந்த வெள்ளிக்கிழமைதான் பிள்ளையார் நோன்பு.

கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் அன்றைக்கு, 21 நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போடுகிற நோன்பு; அதைத்தான் இழை எடுத்துக்கொள்வது என்போம். எந்த நாட்டுக்குப் போனாலும் நகரத்தார், அதாவது எங்கள் செட்டிநாட்டுச் செட்டியார்கள், விடமாட்டார்கள். "அவனுக்கு வெள்ளிக்கிழமையே இல்லைங்கிறியே, எப்ப இழை எடுத்துக்குவான்?" வளவு முற்றமே அலறியது.

சித்தப்பா பஞ்சாங்கத்தோடும் நான் கால்குலேட்டரோடும் உட்கார்ந்தோம். ஆக்லாந்தில் சனி விடியல் 5 என்றால் நமக்கு வெள்ளி இரவு 9.30. திதி சந்திரனைப் பொறுத்தது; எந்த ஊர்க் காலண்டரில் எதைக் கிழித்தாலும் அதற்குக் கவலையில்லை. வீட்டுக்குப் போனதும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பானது. கூடவே இன்னொரு தீர்ப்பு: அவன் எடுக்காமல் இங்கே யாரும் எடுக்கக் கூடாது.

செருப்பில் ஒட்டிய மண்வரை சோதிக்கிற நாடு நியூசிலாந்து. அண்ணன் வெளியே வந்து வீடு சேர்வதற்குள் இங்கே மணி 11. பசியில் ஒரு பொடியன் தூணைக் கட்டிக்கொண்டே தூங்கிவிட்டான். கடைசியில் வீடியோவில் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) இழையை ஏற்றிக் கொடுக்க, அண்ணன் கோட்டோடு நின்று விழுங்கினார்.

அப்பத்தா தன் இழையை விழுங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "போறப்ப அவனுக்கு நேரம் வரவு. வர்றப்ப ஒரு நாள் பற்று. கழிச்சாக் கணக்கு நேராகுதாடா?"

"ஆகுது அப்பத்தா."

"அப்ப அந்த நாளுக்கு வட்டி?"