தொட்டியில் ரப்பர் செடி, ஓடைமேல் பாலம்: நோங்ரியாத் போகுமுன்

சிங்கப்பூர் தோ பாயோ புளோக் தாழ்வாரங்களில் அகல இலையும் சிவந்த மொட்டுறையுமாகத் தொட்டியில் நிற்குமே ரப்பர் செடி, மேகாலயாவின் வேர்ப்பாலங்கள் அதே மரத்தால் ஆனவைதான். பால் வெட்டும் எஸ்டேட் ரப்பர் வேறு. இது ஆலமரத்துக்குப் பங்காளியான சீமை ஆல். மேகாலயாவின் காசி பழங்குடி மக்கள் மரத்தை 'ஜ்ரி' என்பார்கள், பாலத்தை 'ஜிங்கியெங் ஜ்ரி'.

ஓடைக்கரைப் பாறையோரம் கன்றை நட்டு, மரமாகி விழுது விடும்வரை காத்திருக்க வேண்டும். விரல் பருமனில், வளைகிற பதத்தில் உள்ள விழுதுகளை மட்டும் எடுத்து, அக்கரைவரை கட்டிய மூங்கில் சாரத்தில் படரவிடுவார்கள். சில இடங்களில் பாக்கு மரத்தைப் பிளந்து, உள்சோற்றைக் குடைந்து, அந்த வாய்க்காலுக்குள் வேரை ஓட்டுவதும் உண்டு. அக்கரை மண்ணில் ஊன்றிவிட்டால் வேர் பருக்கத் தொடங்கும். அப்புறம் வேரோடு வேரைப் பின்னுவார்கள். அழுந்தி உரசுகிற இடத்தில் பட்டை தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும்; மாங்கன்று ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. நடைபாதையின் சந்துகளில் கல்லும் மண்ணும் போட்டு அடைப்பார்கள். ஆள் நடக்க 15 முதல் 30 ஆண்டு ஆகும்.

கெடுவது பெரும்பாலும் சாரத்தால்தான். சோராவில் (சிரபுஞ்சி) ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நம்மூர் மழையைப்போல் ஐந்து மடங்கு. மூங்கில் சில வருடங்களில் மக்கிவிடும். மாற்றாமல் விட்டால் வேர் தொய்ந்து தண்ணீரில் இறங்கும், அடுத்த வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும். வேர்நுனி ஒடிந்தால் நீளம் அங்கேயே நின்றுவிடும், பக்கவேர் விட்டால்தான் உண்டு. அதே மழையில் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், வெட்டிய மரம் உளுத்துப்போகும். உயிரோடு இருக்கும் வேரோ வருடாவருடம் தடிக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து குவாஹாட்டி, பிறகு சாலையில் ஷில்லாங் 100 கிலோமீட்டர், சோரா இன்னும் 55. டிர்னா கிராமத்தில் வண்டியை நிறுத்திவிட்டு 3,000 படிக்கு மேல் இறங்கினால் நோங்ரியாத் கிராமத்தின் இரண்டடுக்குப் பாலம். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி ஏறுவது டக்ஸ்டன் பினாக்கிளின் 50 மாடியை மூன்று நான்கு தடவை ஏறுவதற்குச் சமம், அதுவும் லிஃப்ட் இல்லாமல். முட்டி வலி உள்ளவர்களும் வயதானவர்களும் மாவ்லின்னாங் பக்கத்திலுள்ள ரிவாய் பாலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், படி மிகக் குறைவு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்லது. மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. ரொக்கம் கையில் இருக்கட்டும்.

வீட்டையும் இப்படி வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஜெர்மனியின் நாகோல்டில் 2012இல் இரும்புச் சட்டத்தில் பிளேன் மரக்கன்றுகளை அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கூடம் எழுப்பினார்கள். குடியிருக்க அல்ல.

பாலத்தில் மெதுவாக நடங்கள், கூரான குதிகால் வேண்டாம். பட்டை கிழிந்த இடத்தில் பால் கசியும், பூஞ்சையும் நுழையலாம். கைப்பிடி வேரைத் தடவிப் பாருங்கள்: இரண்டு வேர் கூடிய இடத்தில், தையல் போட்டதுபோல் மேடு தட்டுப்படும்.